முதுகு திறந்த பெட்டி

ஆர்.கே.பேட்டையில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு ஸ்பீக்கர் செட் ஒன்று வாங்கிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

"குடத்துக்குள்ள தலைய விட்டுப் பாடறாப்பல இருக்குடா. சத்தம் கேக்குது, வார்த்தை புரியல. பழைய வால்வு ரேடியோவே தேவலாம்."

ஊர் தெரியாதவர்களுக்கு: திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியது. முழுப்பெயர் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. பேச்சில் பாதி தெலுங்கு, தெருவில் விசைத்தறிச் சத்தம். சித்தப்பா நாற்பது வருஷம் தறி ஓட்டியவர். தறிக்கூடத்துச் சத்தம் சுலபமாக 90 டெசிபலைத் தாண்டும். வருஷக்கணக்கில் கேட்டால் உள்காதின் நுண்ணிய மயிர்செல்கள் செத்துப்போகும். முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். ச, ட, க எல்லாம் கூர்மையாகக் கேட்க அந்தப் பகுதி வேண்டும்.

'காதுதான் கோளாறு' என்று தீர்ப்பு எழுதிவிட்டு, மரியாதைக்கு நானும் உட்கார்ந்து கேட்டேன். டி.எம்.எஸ். நிஜமாகவே குடத்துக்குள்தான் இருந்தார்.

காரணம் எளிது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் எவ்வளவு ஒலி எழுப்புகிறதோ, அவ்வளவு பின்னாலும் எழுப்புகிறது. பின்ஒலி பெட்டிக்குள் மோதித் திரும்பி, மெல்லிய கூம்பையே ஊடுருவி, சற்றுத் தாமதமாக நம்மிடம் வருகிறது. கையைக் குவித்து வாயருகே வைத்துப் பேசிப் பாருங்கள், புரியும். இதில் இன்னொரு வம்பு: கீழ் ஸ்தாயி இரைச்சல் மேல் ஸ்தாயியை மறைக்கும். ஏற்கெனவே மெலிந்த மெய்யெழுத்துக்கள் சித்தப்பாவுக்குச் சுத்தமாகக் காணாமல் போயின.

பழைய வால்வு ரேடியோவின் பின்பக்கம் ஓட்டை போட்ட அட்டைதானே? வால்வு சூடாகும், காற்றோட்டம் வேண்டும் என்று வைத்தது. பின்ஒலியும் சுகமாக வெளியேறியது. 1957-ல் இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கருக்குப் பெட்டியே கிடையாது. 2018-ல் மறைந்த ஸீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் இந்தத் திறந்த முதுகுக்காகப் பல வருஷம் வாதாடினார்.

அப்படியானால் எல்லாப் பெட்டியையும் உடைத்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். பின்ஒலி முன்ஒலிக்கு நேர் எதிர். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர், அது சின்னப் பலகையைச் சுற்றி வந்து முன்ஒலியை அழித்துவிடும். எனவே பாஸ் ஒலிக்கு மூடிய பெட்டிதான். மனிதக் குரல் குடியிருக்கும் மிட்ரேஞ்சுக்கு மட்டும், சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேலே, முதுகைத் திறக்கலாம். நடுவே தடுப்பு கட்டாயம். இல்லாவிட்டால் வூஃபரின் காற்று மிட்ரேஞ்சைப் பிடித்து ஆட்டும்.

உள்ளூர்த் தச்சர் ஒருவர், "காசு குடுத்து வாங்கினத அறுக்கச் சொல்றீங்களே சார்" என்று பரிதாபப்பட்டபடி மேலறையின் பின்பலகையை எடுத்தார். தடுப்பை ஒழுங்காக ஒட்டினோம். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் இழுத்தோம். சுவரில் பட்டு வரும் ஒலி சுமார் 6 மில்லிசெகண்ட் தாமதமாகும். குழப்பம் குறைந்து கொஞ்சம் விசாலம் கிடைக்கும். கூடத்தில் பாதி போனதற்குச் சித்தியிடம் தனியாகத் திட்டு.

நியாயமாகச் சொன்னால், கனமான பலகையும் உள்ளே நிறையப் பஞ்சும் இருந்தால் மூடிய பெட்டியிலும் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். நான் வாங்கியதில் இரண்டும் இல்லை.

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு முருகன் பாட்டு முழுக்கக் கேட்டார். "இப்பதான்டா வாயத் தொறந்து பாடறாரு" என்றார். பிறகு, "இன்னும் கொஞ்சம் சத்தமா வை."

அங்கேதான் என் சாமர்த்தியம் முடிந்தது. செத்த மயிர்செல்கள் திரும்ப முளைக்காது. எந்தத் தச்சரும் சரிசெய்ய முடியாது.

அடுத்த முறை போனபோது, தறி ஓட்டும் அவர் பேரனுக்குக் காதடைப்பான் வாங்கிப் போனேன். ஸ்பீக்கரைவிட ரொம்ப மலிவு. முதலில் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும், நாற்பது வருஷம் முன்னால்.