மலைவண்டியின் கியர்: சில நாட்குறிப்புகள்

ஏப்ரல் 12, சனி

தங்கையின் மகன் லோரன்ஷியன் மலைப்பக்கத்தில், செந்த்-அகாத் பட்டினத்துக்கும் அப்பால், மேப்பிள் மரங்கள் நிறைந்த ஒரு துண்டுக் காட்டை வாங்கியிருக்கிறான் என்பதும், அங்கே சாறு சேகரிக்கவும் விறகு இழுக்கவும் யாரோ பாவித்துக் கழித்த சைட்-பை-சைட் வண்டியொன்றை மலிவாகப் பெற்றான் என்பதும் குடும்பத்தில் எல்லோரும் அறிந்த சங்கதிகள். அவ்வண்டிக்கு இப்போது வந்திருக்கும் வியாதி இன்னதென்று நிச்சயிக்கும் பொறுப்பு மட்டும், கராஜுத் தொழிலில் ஆயுளைக் கழித்தவன் என்ற ஒரே காரணத்தால், என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. காலையில் 15-ஆம் இலக்கப் பெருஞ்சாலை வழியாக அதை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு மொன்றியலுக்கு வந்தவன், சென்-லோரன் பகுதியில் என் சிநேகிதர் வாடகைக்கு வைத்திருக்கும் வேலைக்கொட்டகையில் இறக்கிவிட்டு, கையைக் கழுவுவதற்கு முன்பே முறைப்பாட்டைத் தொடங்கிவிட்டான்.

“மாமா, பார்க்கிலை இருந்து தடியை எடுக்கவே ஏலாமல் கிடக்கு. ரிவேர்ஸ் போடேக்கை கறகறவெண்டு பல்லு அரைபடுற சத்தம். சில நேரம் மீற்றரிலை நியூட்ரல் எண்டு காட்டுது, வண்டி முன்னுக்கு ஓடுது.”

“தடியை அடிச்சு இழுத்தனியோ?”

“கொஞ்சம் அடிச்சுத்தான் பாத்தனான்.”

மலையடிவாரத்தில் ஒரு பட்டறைக்காரர் வண்டியை ஏறெடுத்தும் பாராமல், கியர்ப்பெட்டியைக் கழற்றித் திறக்கவேண்டும் என்று சொல்லி, அவன் நெஞ்சை அடைக்கச் செய்யும் தொகையொன்றையும் கூறினாராம். வண்டி எந்தக் கம்பெனியின் சரக்கு என்பதை இந்தக் குறிப்பில் எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கு இதை வாசிக்கிறவன் அந்தக் கம்பெனியைத் திட்டுவானேயன்றித் தன் வண்டியைக் குனிந்து பார்க்கமாட்டான். 1988-இல் கவசாக்கி ‘மியூல்’ என்ற பெயரில் பண்ணைவண்டியை விற்கத் தொடங்கிய நாளிலிருந்து, 1998-இல் போலாரிஸின் ‘ரேஞ்சர்’ ஊடாக இன்றுவரை, அருகருகே இருவர் அமர்ந்து ஸ்டியரிங் பிடித்துக் காட்டிலும் சேற்றிலும் ஓட்டும் இந்த ஜாதி வண்டிகள் பெரும்பாலும் ஒரே தத்துவத்தில்தான் அமைந்திருக்கின்றன. ஆகையால் அவற்றின் கியர்க் கோளாறுகளும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றைக்கு வண்டியைத் தொடவில்லை, யோசித்ததோடு சரி. கராஜில் பழகியவர்கள் இதைச் சோம்பல் என்பார்கள். ஆனால் எந்த இடத்தைக் கழற்றக்கூடாது என்று தீர்மானிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது என் அநுபவம்.

இவ்வண்டிகளில் கிளச்சுப் பெடல் கிடையாது. பெடல் இல்லாமையினாலேயே கிளச்சே இல்லை என்று ஓட்டுகிறவன் எண்ணிவிடுகிறான். தடியைப் பற்றிய முறைப்பாடுகளில் பெரும்பகுதி இந்த மறதியிலிருந்து பிறப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. உண்மையில் கிளச்சு இருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு இரண்டு புல்லிகளாக இருக்கிறது. எஞ்சினின் கிராங்குத் தண்டில் ஒரு புல்லி, கியர்ப்பெட்டிக்குள் போகும் தண்டில் இன்னொரு புல்லி, இரண்டையும் இணைத்து அகலமான ரப்பர் பெல்ட் ஒன்று. முன்புல்லியின் இரு தட்டுகளையும் ஒரு ஸ்பிரிங் விரித்து வைத்திருப்பதால், எஞ்சின் மெல்ல ஓடும்போது பெல்ட் அவற்றுக்கிடையில் பிடிப்பின்றிச் சும்மா கிடக்கும். அக்சிலரேட்டரை மிதித்து வேகம் ஏறும்போது, அந்தப் புல்லிக்குள் இருக்கும் சிறு பாரங்கள் சுழற்சியின் விசையால் வெளிப்பக்கம் சாய்ந்து தட்டை நெருக்க, பெல்ட் கவ்வப்பட்டு, மேலேறி, வண்டியை இழுக்கத் தொடங்கும். ஹாலந்தில் டாஃப் கம்பெனியார் 1958-இல் தங்கள் சிறிய மோட்டார் காரில் பெல்ட்டையும் புல்லியையும் வைத்துக் கியர் மாற்றும் சிரமத்தையே ஒழித்தபோது கையாண்ட தத்துவமும் இதுவே.

ஆகவே, தடியில் எழுதியிருக்கும் எழுத்துகள் வேகத்துக்குரிய கியர்கள் அல்ல. ‘ஹை’, ‘லோ’, நியூட்ரல், ரிவேர்ஸ், பார்க் என்பவை வண்டி எந்தத் திசையில், எவ்வளவு பலத்தோடு போகவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஏற்பாடுகள். அவற்றை வண்டி முற்றாக நின்ற நிலையிலேயே போடவேண்டும். மோட்டார் காரின் கியர்ப்பெட்டியில் இரு சக்கரங்களின் வேகத்தையும் சமப்படுத்திப் பிறகு சேர்த்துவைக்கும் பித்தளை வளையங்கள் உண்டு. இங்கே அவை கிடையா. ஒரு பக்கம் சுழன்றுகொண்டும் மறுபக்கம் நின்றுகொண்டும் இருக்கும்போது பல்லோடு பல்லைப் பொருத்தினால் அரைபடாமல் வேறென்ன செய்யும்? வண்டி நின்றிருந்தும் உள்ளே தண்டு சுழல்கிறதென்றால், பெல்ட் எங்கோ பிடிக்கிறதென்று அர்த்தம். நோய் தடியில் தெரிகிறது. அதன் இருப்பிடம் எத்தனையோ முழம் தள்ளியிருக்கலாம்.

யாழ்ப்பாணத்து ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் கார்கள் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் கியர் தடி ஸ்டியரிங் தண்டோடு பொருத்தப்பட்டு, அங்கிருந்து கம்பிகளும் மூட்டுகளுமாகக் கீழே இறங்கிப் பெட்டியைச் சேரும். 1990-களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கண்ணில் படாமற்போய், சில துளி பெற்றோலைக் கார்புரேட்டரில் விட்டுக் கிளப்பிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில், எஞ்சினைப் பற்றியே எல்லோரும் கவலைப்பட்டார்கள். தடியின் மூட்டுகளில் இருந்த சிறு புஷ்கள் தேய்ந்து, முதலாம் கியருக்குத் தள்ளினால் ரிவேர்ஸ் விழும் நிலை வந்தபோது, ‘கியர்பொக்ஸ் போச்சு’ என்று தீர்ப்புச் சொல்லிப் பெட்டியை இறக்கியவர்களும் இருந்தார்கள். இறக்கிய பெட்டிக்குள் ஒரு குற்றமும் இராது.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. டொலார்-டெ-ஓர்மோ முருகன் கோயிலில் கூட்டம். மருமகன் கைவிசேஷம் வாங்கிக்கொண்டு, “வண்டி எப்பிடி மாமா?” என்றான், “பொறு” என்றேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

விடுமுறையாகையால் மருமகனும் வந்தான். நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு, கியர்ப்பெட்டியின் மேலுள்ள சிறு கையிலிருந்து கேபிளின் நுனியைக் கழற்றினோம். பிறகு அந்தக் கையை விரல்களால் பிடித்து ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தச் சொன்னேன். ஒருவன் சக்கரத்தை மெல்ல உருட்டிக் கொடுக்க மற்றவன் நகர்த்தினால், பல் பல்லின் மேல் முட்டி நிற்கும் தடையும் விலகிவிடும். ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’ என்று குண்டு பள்ளத்தில் விழும் உணர்ச்சி விரலுக்குத் தெளிவாகக் கிடைத்தது. பார்க்கிலிருந்து எடுக்கும்போதும் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆக, உள்ளே முள்கரண்டி போன்ற அந்த நகர்த்தும் உறுப்பு வளையவில்லை, பற்களும் கெடவில்லை. பெட்டியைத் திறக்கும் பேச்சு இத்துடன் தீர்ந்தது. மருமகனின் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்தால், அந்தப் பட்டறைக்காரர் சொன்ன தொகையை அவன் மனம் திரும்பவும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதாகவே தோன்றியது.

அடுத்தது கேபிள். ஓர் உறைக்குள் ஓடும் தடித்த கம்பி அது. தடியைத் தள்ளினால் தள்ளும், இழுத்தால் இழுக்கும். உறையின் முனை கியர்ப்பெட்டியருகே ஒரு தகட்டில் முன்னும் பின்னும் இரண்டு நட்டுகளால் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பின் நட்டு தளர்ந்து, உறையே தகட்டில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. தடியின் அடியில், கேபிளின் கண் மாட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் புஷ் முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் இடைவெளி எவ்வளவு என்பதைத் தடியை ஆட்டிப் பார்த்தாலே போதும்: தடி ‘ஹை’யில் நிற்க, பெட்டியின் கை ‘ஹை’க்கும் பக்கத்து நிலைக்கும் நடுவே தொங்கிக்கொண்டு நின்றது. பல்லின் முழு அகலமும் பொருந்தாமல் நுனிமட்டும் பொருந்தி ஓடும் கியர், பாரம் ஏறும்போது வெளியே துள்ளும். துள்ளித் துள்ளிப் பல்லின் விளிம்பு மழுங்கினால், அப்போது உண்மையாகவே பெட்டியைத் திறக்கவேண்டி வரும்.

இந்த நாட்டில் கேபிளுக்கு இன்னொரு சத்துரு உண்டு. கோடையில் சேற்றுக் குழிகளைக் கடக்கும்போது உறையின் வாயிலுள்ள ரப்பர் மூடி கிழிந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ஜனவரியில் அது பனிக்கட்டியாகிக் கம்பியை உறையோடு ஒட்டவைக்கிறது. அன்றைக்குத் தடியை அடித்து இழுப்பவன் கேபிளை நீட்டுகிறான் அல்லது தகட்டை வளைக்கிறான். வசந்தத்தில் பனி உருகியபின் கேபிள் லேசாக ஓடும், தகட்டின் கோணல் மட்டும் மிச்சமிருக்கும். எங்கள் கேபிளின் ரப்பர் மூடியும் கிழிந்தே இருந்தது. மருமகனிடம் ஜனவரிக் கதையை விசாரித்தேன்; அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

ஏப்ரல் 19, சனி

கேபிளால் இடைவெளி வரும், தடுமாற்றம் வரும். அரைபடும் சத்தம் வராது. ஆகையால் இன்று பெல்ட்டின் மூடியைத் திறந்தோம். திறந்தவுடனேயே காரணம் பிரத்தியட்சமாயிற்று. பின்புல்லியில் பெல்ட் விளிம்பைவிட நன்றாக மேலே எழுந்து நின்றது.

பெல்ட் பாவித்துத் தேயும்போது அகலம் குறைந்து, பின்புல்லியின் தட்டுகளுக்கிடையே ஆழமாக இறங்கித் தளர்ந்துவிடும். முன்னைய சொந்தக்காரர் புதிய பெல்ட் வாங்கும் செலவைத் தள்ளிப்போடுவதற்காக, அந்தத் தட்டுகளின் இடைவெளியைக் குறைத்துப் பழைய பெல்ட்டை மேலே ஏற்றி இறுக்கியிருக்கிறார், அதில் தப்பொன்றுமில்லை. போன ஆடி மாதம் மருமகன் புதிய பெல்ட்டை வாங்கி, இடைவெளியைத் திரும்பச் சீர்செய்யாமலே மாட்டிவிட்டான். முழு அகலமுள்ள புதிய பெல்ட் நெருங்கிய தட்டுகளுக்கிடையே இறங்க இடமின்றி மேலேறி நிற்க, அதன் மறுபக்கம் முன்புல்லியின் அடியில் இறுகிப் பிடித்துக்கொண்டது. அதன் பின் எஞ்சின் எவ்வளவு மெல்ல ஓடினாலும் பெல்ட் ஓயாது, தண்டு சுழலும், ரிவேர்ஸ் போட்டால் பல் கதறும். அந்த இழுவையே பற்களை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதால், எஞ்சின் ஓடும்போது ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குத் தடியை எடுப்பதும் கடினமாகிவிடும்.

பின்புல்லியின் திருகைத் தளர்த்தி, தட்டுகளைச் சிறிது சிறிதாக விலக்கி, கையால் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, பெல்ட் விளிம்போடு ஏறத்தாழச் சமமாக நிற்கும்வரை கொண்டுவந்தோம். முன்புல்லியின் தண்டிலும் பாரங்களின் மூட்டுகளிலும் படிந்திருந்த கறுத்த ரப்பர்த்தூளை உலர்ந்த துணியாலும் காற்றாலும் அகற்றினோம்; இங்கே எண்ணெய் விட்டு மினுக்கும் உத்தேசம் யாருக்கும் வரக்கூடாது, எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கி எரியும். எஞ்சினின் ஓய்வுவேகத்தையும் பார்த்தேன்: சூடேறிய பிறகு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1200 சுற்று, இந்த வண்டிக்குக் கைநூலில் விதித்த அளவே. குளிரில் கிளப்பியவுடன் அது தானாகவே உயர்ந்து நிற்கும். அந்தச் சில நிமிஷங்களில் கியர் போட அவசரப்படுகிறவனுக்குப் புத்தம்புதிய வண்டியும் சத்தமிட்டே பதில் சொல்லும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கடைகள் பூட்டு. புஷ்ஷும் புதிய கேபிளும் வரும்வரை வேலையில்லை. மொன்றியலுக்குக் கிழக்கே, நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், வல்கூர் என்ற சிற்றூரில் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியேயின் நினைவாக அமைந்த காட்சிசாலையைப் பற்றி மருமகனுக்குச் சொன்னேன். 1907-இல் பிறந்து அவ்வூரிலேயே கராஜ் வைத்திருந்த அந்த மனிதர், 1934-இல் குளிர்காலத்தில் வழியெல்லாம் பனி மூடிக்கிடக்க, நோயுற்ற இரண்டு வயது மகனை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் பறிகொடுத்தார். பனியில் ஓடும் வண்டியைப் பற்றிய எண்ணம் அதற்கு முன்பே அவருக்கு இருந்தது. 1937-இல் பற்சக்கரமும் ரப்பர் வாரும் கொண்ட ஏற்பாட்டுக்கு உரிமைப்பத்திரம் பெற்று, ஏழு பேர் ஏறும் பனிவண்டிகளை விற்கத் தொடங்கினார். 1959-இல் ஸ்கி-டூ வந்தது. 1964-இல் அவர் காலமானார். பனிவண்டிகளில் பழகித் தேர்ந்த பெல்ட்டும் புல்லியுமே பிறகு நாலுசக்கரக் காட்டுவண்டிகளுக்கும் இடம்பெயர்ந்தன. இந்த மாகாணத்துக் குடியானவர்களில் பலர் புல்லியின் சத்தத்தைக் கேட்டே பெல்ட்டின் நிலையைச் சொல்லிவிடுகிறார்களென்றால் அதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது.

மே 3, சனி

புதிய கேபிளை மாட்டினோம். தடியையும் பெட்டியின் கையையும் தனித்தனியே நியூட்ரலில் நிறுத்திவிட்டு, கேபிளின் கண் எந்த இழுப்பும் தள்ளுமின்றித் தானாக முளையில் போய் உட்காரும்வரை இரண்டு நட்டுகளையும் மாறிமாறித் திருப்பி, ஒன்றுக்கெதிராக மற்றதை இறுக்கினோம். இரு அந்தங்களையும் சோதித்தோம்: பார்க்கிலும் ‘லோ’விலும் தடி தன் எல்லையில் முட்டுவதற்கு முன்பே பெட்டியின் கை பள்ளத்தில் விழவேண்டும். விழுந்தது. மீற்றரின் பொய்க்குக் காரணம் பாதி கேபிள், பாதி கியர்ப்பெட்டியிலுள்ள சுவிச்சின் முனையில் பூத்திருந்த பச்சைக் களிம்பு. அதைத் துப்புரவு செய்தபின் எழுத்துகள் யோக்கியமாகிவிட்டன. ஒயிலை வடித்தபோது இரும்புத்துணுக்கு ஒன்றும் வரவில்லை.

மே 10, சனி

வண்டியோடு நானும் போனேன். வல்-மொறன் வளைவைக் கடக்கையில், சிவானந்த ஆச்சிரமத்து முருகனுக்கு ஆடியில் காவடி எடுக்க ரொறன்ரோவிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வரும் நம்மவர்களைப் பற்றி மருமகன் பேசிக்கொண்டே வந்தான். என் காதோ பின்னால் ட்ரெய்லரின் சங்கிலியில் இருந்தது.

காட்டின் சரிவில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தச் சொன்னேன். வழக்கப்படி பார்க்கில் போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி ஒரு சாண் உருண்டு, முழுப் பாரமும் பெட்டிக்குள்ளிருக்கும் சிறு இரும்புக் கொக்கியின் மேல் தொங்கி நின்றது. தடியை எடுக்கப் பார்த்தான், இப்போதும் வரவில்லை. இது நோயல்ல, பழக்கம். நான் வண்டியைச் சற்று மேட்டுப்பக்கம் தள்ளிக்கொடுத்து, அவன் அந்த இடத்தில் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, கொக்கி விடுபட்டுத் தடி விரலுக்கு வந்தது. இனிமேல் சரிவில் முதலில் பிரேக்கை இறுக்கிப் பூட்டி, வண்டியின் பாரத்தை அதில் இருத்திவிட்டு, அதன் பிறகே பார்க்குக்குத் தள்ளும்படி சொல்லிச் செய்துகாட்டினேன். ரிவேர்ஸ் சத்தமின்றி விழுகிறது. ‘லோ’வில் விறகு இழுத்தபோதும் துள்ளவில்லை.

பக்கத்துக் காணிக்காரர், பல்லில்லாத கிழவர், வேலியோரம் நின்று கேட்டுவிட்டு, பெல்ட்டை ஒரு கோடை ஓட்டியபின் திரும்ப அளந்து பார்க்கும்படி பிரெஞ்சில் சொன்னார். சரியான யோசனை. புரட்டாதியில் அளக்கவேண்டும்; கேபிளின் புதிய ரப்பர் மூடியையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.