சோறு வைக்கிற கை

கல்வராயன் மலையிலிருந்து நாய்க்கடியோடு ஒரு சிறுவன். கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர அரை நாள் ஆயிடுச்சு. காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும்.

"கடிச்ச நாயை அடிச்சுட்டோம் சார்" என்றார் தாத்தா.

"மத்த நாய்களுக்கு ஊசி போட்டிருக்கா?"

"அதை யாரு சார் புடிக்கிறது?"

சிறுவனுக்கு ஊசி போட்டாச்சு, நல்லா இருக்கான். தாத்தாவின் கேள்விதான் மனசுல நிக்குது.

கடிபட்டா உடனே 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்க. அன்றே தடுப்பூசி. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்துறது அநேகமா முடியாது.

ஆனா நான் போடுறது கடிக்குப் பிந்தைய ஊசி. முந்தையது நாய்க்குப் போகணும். 70% நாய்களுக்குப் போட்டாலே ரேபிஸ் பரவல் நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேப்டன் சுந்தரம் தொடங்கிய சென்னை புளூ கிராஸ் 1960-களிலேயே கொல்வதற்குப் பதில் கருத்தடை என்றது. 2023 விதிகளும் அதே வழிதான்: கருத்தடை, தடுப்பூசி, பிடித்த இடத்திலேயே விடுதல்.

வலையைப் பார்த்து ஓடுற நாய், தினமும் சோறு வைக்கிற அக்கா கூப்பிட்டா வந்து நிக்கும். உங்க தெருவிலும் அப்படி ஒருத்தர் இருப்பார். அவரைத் திட்டாதீங்க. முகாம் அன்னைக்குக் கூடப் போங்க. ஆபரேஷன் முடிஞ்ச நாய்கள் சில நாள் தங்கும் காப்பகத்துக்கு அரிசி, பழைய போர்வை கொடுங்க.

அந்த அக்காவுக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கச் சொல்லுங்க.