அம்மா மண்டபத்தில் ஆடிப் பதினெட்டு

திருச்சி நகரிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து மாம்பழச் சாலையை அடைந்தால், அம்மா மண்டபப் படித்துறை அண்மையில்தான் இருக்கிறது. ஆடித் திங்கள் 18-ஆம் நாள், ஆகஸ்டு 2 அல்லது 3-இல், பொழுது புலருமுன்னரே அங்குக் குடும்பங்கள் கூடத் தொடங்குகின்றன. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்துபோக, எஞ்சிய காவிரி திருவரங்கத் தீவைத் தழுவி இவ்வழியே ஓடுகிறது. ஆற்றில் புதுப்புனல் பெருகுவதைக் கொண்டாடும் நாள் இது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கதையும் இந்த ஆடித் திருநாளில்தான் தொடங்குகிறது என்பதை வாசகர் பலர் அறிவர்.

குருப்பணி புரியும் என் கண்ணுக்கு ஒன்று வியப்பாகவே படுகிறது. புரோகிதரை நாடுவோர் சிலர் இருந்தாலும், பெரும்பாலான குடும்பங்களில் வழிபாட்டை நடத்துபவர் வீட்டின் மூத்த பெண்மணியே. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை, கருகமணி, பழம், காப்பரிசி படைத்து, விளக்கேற்றுபவர் அவர். பின்னர் மஞ்சள் நூலை எடுத்துப் பெண்களின் கழுத்திலும் ஆண்களின் மணிக்கட்டிலும் தம் கையாலேயே கட்டுகிறார். ஆண்டு முழுதும் முகங்கொடுத்துப் பேசாத மருமகளும் அந்நேரம் அவர் முன் தலை குனிந்தாக வேண்டும்! புதுமணத் தம்பதியர் திருமண மாலைகளை ஆற்றில் விடுகின்றனர். (நெகிழிப் பைகளையும் சேர்த்து விடுவோர் உளர், காவிரித் தாய்க்கு அது சீர் அன்று.) அதன்பின் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் தயிர்ச் சாதமும் இலைகளில் பரிமாறப்படுகின்றன. சிறுவர்களோ சோற்றை மறந்து சிறு சப்பரங்களை இழுத்துத் திரிகின்றனர்.

இத்தனைக்கும் மேட்டூர் அணை மனம் வைக்க வேண்டும். 2017-இல் ஆறு வறண்டது. மக்கள் குழாய் நீரில் நீராடினர். மறு ஆண்டு ஜூலையில் அணை 120 அடியை எட்டியது. இருகரையும் தொட்டு நீர் ஓடிற்று. 2020, 2021 ஆகிய ஆண்டுகளிலோ கொள்ளைநோயால் படித்துறைக்குச் செல்லவே தடை. அப்போது பல வீடுகளில் ஒரு குடத்து நீரில் மஞ்சள் கரைத்து, அதனையே காவிரியாகக் கொண்டு நூல் கட்டினர். நகரின் குழாய்களில் வருவதும் அந்த ஆற்றுப்படுகையின் நீர்தானே! பாட்டி இல்லாத வீடுகளில் அன்று அந்நூலைக் கட்டியவர் யாரோ?