சூடு எங்கே ஏறுது?

கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில், கள்ளக்குறிச்சி டவுனுக்குள் ஒரு குறையும் காட்டாத வண்டிகள்கூட கொதித்து நின்றுவிடும். சிமெண்டும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து ஏறும்போது எஞ்சினுக்கு உழைப்பு அதிகம். முகப்பில் மோதும் காற்றோ குறைவு. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கோடு இறங்கும்போது அந்தச் சிரமம் இல்லை. அதனால் இந்தப் பழுது பெரும்பாலும் ஏறும் வண்டிக்குத்தான் வரும்.

அடிவாரத்துப் பட்டறை ஒன்றில் அப்படி வந்த ஒரு பிக்கப்பைப் பார்த்தேன். மெக்கானிக் பானெட்டைத் திறக்கவில்லை. டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"சூடு எங்கே ஏறுது தம்பி? டவுன்ல நிக்கறப்பவா, மலையிலயா?"

"மலையிலதாண்ணா. டவுன்ல முள்ளு அசையல."

"தண்ணி எவ்வளவு ஊத்துற?"

இந்த இரண்டு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. நிற்கும்போது ஏறி, ஓடினால் சூடு இறங்கும் என்றால் ஃபேனையும் அதன் ரிலேயையும் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பின் மேல் முதல் சந்தேகம். வெளியே ஒரு சொட்டும் கசியாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கெட் பயம் வந்துவிடும்.

எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியை யாரும் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடிக்குள் தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். திறந்த கணத்தில் அழுத்தம் விட்டுப்போய் மொத்தமும் பீறிடும். பட்டறைப் பையன் ஒருவனின் முன்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது.

ஆறிய பிறகு மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார்கள். தண்ணீரில் குமிழி தொடர்ந்து வரவில்லை. ஆயில் குச்சியிலும் பால் கலந்த நிறம் இல்லை. கேஸ்கெட் தப்பித்தது. பிறகு எஞ்சினை நன்றாகச் சூடேற்றி நிறுத்தி, ரேடியேட்டர் முகப்பில் மெக்கானிக் உள்ளங்கையை ஓட்டினார். என் கையையும் வைக்கச் சொன்னார். மேலே பொறுக்க முடியாத சூடு. கீழே ஒரு மூலை மட்டும் ஏறக்குறைய ஆறிக் கிடந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவே இல்லை. வருடக்கணக்கில் ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவு.

இன்னொன்றும் வெளிப்பட்டது. வேறெங்கோ யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். மலை வண்டிக்கு அது தேவையில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நான் அதைக் கடுமையாக மறுப்பேன். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பும். சமவெளியில் எஞ்சின் போதிய சூடு பிடிக்காமல் டீசல் கூடுதலாகக் குடிக்கும். ஏற்றத்தில் கொதிப்பும் நிற்காது. இதைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் அலுமினிய ஹெட் வளையும்; பிறகு லேத்தில் ஃபேஸிங், புது கேஸ்கெட் என்று செலவு பெருகும்.

ரேடியேட்டரை மாற்றி, தெர்மோஸ்டாட் பொருத்தி, கூலன்ட் கலந்து ஊற்றினார்கள். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியது பையனின் வேலை. காலி வண்டியில் சோதனை ஓட்டம் பார்ப்பதை மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. லோடு ஏற்றி மலை ஏறிப் பார்த்தால்தான் கணக்கு என்றார்.

டிரைவர் கையில் கொடுத்த சீட்டில் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், கூலன்ட், மாட்டும் கூலி என்று நாலு வரி இருந்தது. கேள்வி கேட்டு, காத்திருந்து, கையால் தடவிக் கண்டுபிடித்ததற்கு ஒரு வரியும் இல்லை. அப்படி ஒரு வரி எழுதினால் வண்டிக்காரர்கள் தருவார்களா என்று கேட்டேன். பார்ட்ஸ் மாற்றாமல் காசு கேட்டால் யாரும் தர மாட்டார்கள் என்றார். அந்த வரியை எழுதும் வழக்கம் இந்தப் பட்டறைகளுக்கு வர வேண்டும். தேவையில்லாமல் பார்ட்ஸ் மாற்றும் ஆசை அப்போதுதான் குறையும்.