ஒரே விளக்கு

வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு என்ன சமையல்னு போடுற இடத்துல இன்னைக்கு வேற ஒண்ணு எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

ஆடித் திருவிழா நிறைவு நாள்ல தொண்டர்களுக்குப் பொன்னாடை போத்தினாங்க, ஞாபகம் இருக்கும். ரதம் அலங்கரிச்சவங்க, தண்ணீர்ப் பந்தல், கார் நிறுத்த வழி காட்டின பையன்கள், ஒவ்வொருத்தர் பேரும் மைக்ல வந்துச்சு. நாங்க பின்னாடி அண்டா கழுவிக்கிட்டே காது கொடுத்துக்கிட்டு இருந்தோம். அன்னைக்கு மட்டும் 10 கிலோ அரிசிப் பை 18 வடிச்சிருக்கோம். மைக் ஆஃப் ஆயிடுச்சு. சமையல்கட்டுன்னு ஒரு வார்த்தை வரல.

யாரும் வேணும்னு செய்யல. எழுதிக் கொடுத்த தாள்ல ஒரு வரி விட்டுப் போச்சு, அவ்வளவுதான். தெரிஞ்சும் வலிச்சுது. "விடுங்கண்ணே, அம்மனுக்குத் தெரியும்"னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப் குழுவுல முதல் ஆள் "காய்ச்சல்"னு போட்டாங்க. இன்னொருத்தருக்கும் காய்ச்சல். ஒருத்தருக்கு ஓவர்டைம். சாயங்காலம் 4 மணிக்குள்ள 11 பேர்ல 9 பேருக்கு ஏதோ ஒண்ணு. மிச்சம் ரெண்டு பேர் மட்டும் வந்து என்ன செய்ய? அவங்களும் நின்னுட்டாங்க. நிர்வாகம் அவசரமா வெளியில சொல்லி பொட்டலம் வாங்கிக் கொடுத்தாங்க. மூடி மறைக்க வேண்டாம்: "எங்க அருமை தெரியட்டும்"னுதான் வீட்டுல உக்காந்திருந்தோம்.

அதுக்கு அடுத்த வாரம் ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து பரிமாறினோம். பந்தியில ஒரு பெரியவர். பக்கத்து ஃபிளாட்ல செக்யூரிட்டி வேலை, ராத்திரி ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி இங்க சாப்பிட்டுப் போவார். எங்களைப் பார்த்ததும், "என்னம்மா, எல்லாருக்கும் காய்ச்சல்னு சொன்னாங்களே, இப்ப பரவாயில்லையா?"ன்னார். அப்புறம் சாதாரணமா சொன்னார்: "அம்மனுக்கு நெய் விளக்கு போட்டேன். நீங்க எத்தனை பேருன்னு தெரியல, அதனால ஒரே விளக்கா போட்டுட்டேன்."

சாம்பார் வாளி கையில. பதில் வரல.

அவருக்கு எங்க பேர் தெரியாது. சரி, எங்களுக்கு அவர் பேர் தெரியுமா? மூணு வருஷமா அவர் இலையில சோறு போடுறோம், ஒரு நாள் கேட்டதில்ல. பேரைச் சொல்லலைன்னு கோவிச்சுக்கிட்டது நாங்க!

"அம்மனுக்குத் தெரியும்"னு எவ்வளவு சுலபமா சொன்னோம். நாங்க வடிச்ச அரிசி அவளுக்குத் தெரியும்னா, இல்லாத காய்ச்சலும் தெரியும்தானே. பொய்க்காய்ச்சலுக்கு ஏத்தின உண்மையான விளக்கு அவ முன்னாடி எரிஞ்சிருக்கு. அன்னைக்கு நடை சாத்துற வரைக்கும் சன்னிதிப் பக்கம் எங்கள்ல யாரும் போகல.

பெரியபுராணத்துல பூசலார் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். திருநின்றவூர்ல கையில காசில்லாம மனசுக்குள்ளேயே கோயில் கட்டினவர். காஞ்சியில கல்லால கோயில் கட்டின பல்லவ ராஜா கனவுல சிவபெருமான் வந்து, "நாளைக்கு பூசலார் கோயிலுக்குப் போறேன், உன் குடமுழுக்கை வேற நாள் வச்சுக்கோ"ன்னு சொன்ன கதை. எங்களுக்கு இப்ப அதுல வேற ஒரு இடம்தான் உறைக்குது. ராஜா தேடிக்கிட்டு வந்து கேக்கிறார், ஊர்க்காரங்க அப்படி ஒரு கோயிலே இங்க இல்லையேங்கிறாங்க. பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியல. அத்தனை நாளும் யாரும் ஒரு வார்த்தை பாராட்டாமத்தான் அந்த மனுஷர் கல்லை எடுத்து அடுக்கியிருக்கார்.

பேர் போடுறதே தப்புன்னு சொல்ல வரல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜ சோழன் பேர் மட்டுமா இருக்கு? ஆடல் மகளிர் 400 பேரோட பேரும் வெட்டி வச்சிருக்காங்க. செய்தவங்களை நினைச்சுப் பார்க்கிறது நல்ல பழக்கம்தான். அது வரலைன்னா அடுப்பை அணைச்சுட்டுப் போனோமே, அதுதான் எங்க வியாதி.

செயலாளர் வந்து வருத்தம் தெரிவிச்சார், நவராத்திரி நிறைவுல சமையல்கட்டுக்குத் தனியா மரியாதைன்னார். எங்களுக்குள்ள ஒரே வாக்குவாதம். பாதிப் பேர் "பொன்னாடையே வேண்டாம்னு சொல்லிடுவோம்"னாங்க. எங்க குழுவுல மூத்த அக்கா தேங்காய் துருவிக்கிட்டே, "வேண்டாம்னு மைக்ல சொல்லச் சொல்றதும் விளம்பரம்தான்டா"ன்னாங்க. இன்னும் முடிவாகல. அந்த நேரம் யார் கை சும்மா இருக்கோ அவங்க மேடைக்குப் போகட்டும்னு இப்போதைக்குப் பேச்சு. இதை எழுதும்போதே எத்தனை லைக் வரும்னு ஒருத்தர் கேட்டார். அவ்வளவு சீக்கிரம் போற வியாதியா இது!

பெரியவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டோம். சிரிச்சுட்டு, "விளக்கு வீணாப் போகாதும்மா, ரசம் போடு"ன்னார்.

இந்த வெள்ளி சாம்பார், கோஸ் பிரட்டல், பாயசம். காய் வெட்ட மூணரைக்கு ஆள் தேவை. கத்தி இருந்தா எடுத்துட்டு வாங்க, இங்க இருக்கிறதுல ரெண்டுதான் வெட்டுது.