மீன் சாப்பிட்டால் சுத்தபோசனமா?

கிறிஸ்தவர்களின் தவக்காலம் சாம்பல் புதனன்று ஆரம்பித்து ஈஸ்டருக்கு முந்தின நாளோடு முடிகிறது. காலண்டரில் எண்ணினால் 46 நாட்கள் வரும். நடுவில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நோன்பு நாட்கள் இல்லை. அவற்றைக் கழித்தால் 40. இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த 40 நாட்களின் நினைவு இது. சி.எஸ்.ஐ. சபையார் இதையே லெந்து நாட்கள் என்பார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் அப்படி ஒன்றும் கடினமானது இல்லை. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். சாம்பல் புதனும் வெள்ளிக்கிழமைகளும் சுத்தபோசனம். 14 வயது நிறைந்தவர்கள் அன்று இறைச்சி சாப்பிடக்கூடாது. ஆனால் மீனுக்குத் தடையில்லை!

முத்துக்குளித்துறைக்கு வந்தால் இங்கேதான் சிக்கல். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் மணப்பாடு இருக்கிறது. 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும், திருச்சிலுவைக் கோயிலும் அங்கே உண்டு. கடலை நம்பி வாழும் ஊர். மீன் குழம்பு அன்றாடச் சாப்பாடாக இருக்கும் இடத்தில், "வெள்ளிக்கிழமை கறி வேண்டாம், மீன் சாப்பிடலாம்" என்றால் அதில் என்ன தவம்? கோழியை விட்டுவிட்டு அதைவிட விலை கூடின சீலா மீனை வாங்கிப் பொரித்தாலும் சட்டப்படி அது சுத்தபோசனம்தான்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் இறைச்சி என்பது விருந்துச் சாப்பாடு. அதை விடுவது ஓர் இழப்பு. அந்த இழப்பு உணரப்படாத இடத்தில் சட்டத்தின் எழுத்து மட்டும் மிஞ்சுகிறது. அப்படியானால் சட்டமே வீண் என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்ல முடியாது. "எதை விட்டால் உனக்கு வலிக்கும்?" என்ற கேள்வியை அது ஒவ்வொருவரிடமும் திருப்பிக் கேட்கிறது. ஆன்ம சோதனை அங்கேதான் தொடங்குகிறது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தவக்காலம் பெரும்பாலும் மார்ச் 31 கணக்கு முடிப்பை ஒட்டியே வருகிறது. கணக்கை எழுதியவரே அதைத் தணிக்கை செய்யக்கூடாது என்பது தணிக்கையின் முதல் பாடம். ஆன்ம சோதனையிலோ எழுதுகிறவரும் தணிக்கை செய்கிறவரும் ஒரே ஆள். சுலபமான செலவை எழுதிவிட்டு, பெரிய கடனை மறைத்துவிடுவது எவ்வளவு எளிது! பாவசங்கீர்த்தனத்தில் இன்னொருவர் காதில் விழும்படி சொல்லச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குலசை முத்தாரம்மன் கோயில் தசராவைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து, காளி, குறவன் என்று வேடம் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை கேட்டு, அதைக் கோயிலில் சேர்க்கிறார்கள். வசதியானவரும் கை நீட்டித்தான் ஆகவேண்டும். பிறரிடம் கேட்டுப் பெறும் அந்த நிமிடத்தில் "நான் பெரிய ஆள்" என்ற எண்ணம் கொஞ்சமாவது உடையும். சும்மா பட்டினி கிடப்பதால் அது உடைந்துவிடாது.

தவக்காலம் அதே இடத்துக்கு வேறு வழியில் போகிறது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசப்படுகிறது. அதே பூசையில் வாசிக்கப்படும் மத்தேயு 6ஆம் அதிகாரமோ நோன்பை ஊருக்குக் காட்டாதே, முகத்தைக் கழுவிக்கொள் என்கிறது. முரண்பாடு போலத் தெரியும். ஆனால் சாம்பல் சொல்வது "நான் மண்" என்பதை. அதை ஊர் பார்க்கலாம். "நான் நல்லவன்" என்று காட்டிக்கொள்ளும் நோன்பைத்தான் மறைக்கச் சொல்கிறார்.

40 நாட்கள் குடிக்காமல் இருக்கும் ஒரு குடும்பத் தலைவரை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மிச்சமான பணம் எங்கே போனது? பிள்ளையின் பீஸுக்கா, பசித்த பக்கத்து வீட்டுக்கா, இல்லை ஈஸ்டர் அன்று மொத்தமாகக் குடிப்பதற்கா? எசாயா 58ஆம் அதிகாரம் கேட்பதும் இதைத்தான். நோன்பு நாளிலேயே வேலையாட்களை வாட்டுகிறவர்களைக் கடிந்துகொண்டு, பசித்தவனோடு உணவைப் பகிர்வதே உண்மையான நோன்பு என்கிறது. ஜெபம், நோன்பு, தருமம் மூன்றையும் திருச்சபை சேர்த்தே சொல்வதும் இதனால்தான்.

ஆக, மீன் சாப்பிட்டால் சுத்தபோசனமா? சட்டப்படி ஆமாம். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையால் வேறொருவர் வீட்டு அடுப்பு எரிந்ததா என்பதையும் பார்த்தால்தான் கணக்கு முழுதாக முடியும். அந்த ரசீதை எழுதியவரே தயாரித்துக்கொள்ள முடியாது. அது வாங்கினவர் கையில் இருக்கிறது.