செயின் கழன்றால் எது நிற்கும்? - சோமனூர் இளைஞரும் பிரேக் இல்லாத சைக்கிளும்

சோமனூரில் பொழுது விடிவதற்கு முன்பே தறிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அந்த 'டக்கு டக்கு' சத்தத்துக்கு நடுவே, தினமும் காலை ஐந்தரை மணிக்கு ஒரு சைக்கிள் சத்தமே இல்லாமல் தெருவைக் கடந்து போகும். நம் வீட்டு சைக்கிளில் பெடல் மிதிப்பதை நிறுத்தினால், பின்சக்கரத்திலிருந்து 'டிக் டிக்' என்று ஓர் ஓசை வருமே... அதுகூட அந்த சைக்கிளில் வராது. ஏனென்றால், அதில் பெடல் மிதிப்பதை நிறுத்தவே முடியாது!

அதன் பெயர் ஃபிக்ஸ்டு கியர் சைக்கிள். சாதாரண சைக்கிளின் பின்சக்கரத்தில் 'ஃப்ரீவீல்' இருக்கும். அதனால்தான் இறக்கத்தில் காலை அசைக்காமல் ஜாலியாகப் போகிறோம். இதில் ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரத்தோடு பல்சக்கரம் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் வண்டியும் பின்னோக்கிப் போகும். சர்க்கஸில் ரிவர்ஸில் சைக்கிள் ஓட்டுகிறார்களே, அதன் ரகசியமும் இதுதான்.

சைக்கிளின் சொந்தக்காரருக்கு 26 வயது. அப்பா கூலிக்கு நெசவு செய்துகொடுக்கும் விசைத்தறிக்காரர். வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஆறு தறிகள். மகன் பெங்களூரில் வேலை பார்த்தபோது, நண்பர் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிராக் சைக்கிள் இது. ஊருக்கே திரும்பி வந்தபோது, துணிப்பையோடு கூடவே கொண்டுவந்தது இது ஒன்றைத்தான்.

வண்டியை முதன்முதலாகப் பார்த்த அப்பா கேட்டது ஒரே கேள்வி. "பிரேக் எங்க கண்ணு?"

"இதுக்கு பிரேக் இல்லீங்கப்பா. காலாலயே நிறுத்தறதுங்க."

அப்பா ஒன்றும் சொல்லாமல் ஷெட்டுக்குள் போய்விட்டார்.

மைதானத்து வண்டி

மகன் சொன்னது பொய்யில்லை. டிராக் சைக்கிள் என்பது வெலோட்ரோம் எனப்படும் பந்தய மைதானத்துக்காகவே செய்யப்பட்ட வண்டி. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டப்பட்ட இந்திரா காந்தி அரங்கில், 250 மீட்டர் சுற்றளவில் மரத்தாலான ஓடுதளம் இருக்கிறது. அங்கே எல்லோரும் ஒரே திசையில்தான் ஓட்டுவார்கள். எதிரில் வண்டி வராது, குறுக்கே ஆடு வராது. ஒருவர் திடீரென பிரேக் போட்டால் பின்னால் வருபவர்கள் மொத்தமாக விழுவார்கள். அதனால் போட்டியில் பிரேக்குக்கே தடை.

இந்த வகை சைக்கிளில்தான் 2018-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் நிக்கோபார் தீவைச் சேர்ந்த எசோ ஆல்பன் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் எசோவும் மணிப்பூரின் ரொனால்டோ சிங்கும் இடம்பெற்ற இந்திய அணி தங்கமே வென்றது. அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் இளைஞருக்கு இந்த வண்டி மீது ஆசையே வந்தது.

அவர் வண்டியில் முன்னால் 48 பல், பின்னால் 16 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் மூன்று சுற்று சுற்றி, ஏறக்குறைய 6.3 மீட்டர் நகரும். 30 கிலோமீட்டர் வேகத்தில் போக, நிமிடத்துக்குச் சுமார் 80 சுற்று மிதிக்க வேண்டும். இறக்கத்தில் வேகம் கூடினால் கால்களும் அதே வேகத்தில் சுழன்றாக வேண்டும். ஓய்வே கிடையாது. "ஒரு நிமிஷம்கூட வேற நெனப்பு வராதுங்க. மனசு அப்படியே காலுக்குள்ள வந்து உக்காந்துக்கும்" என்பார் நண்பர்களிடம்.

நிறுத்துவதற்கு, உடம்பை முன்னால் சாய்த்து, பெடலைக் காலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பின்சக்கரம் சுற்றாமல் சறுக்கும். ஒருநாள் வாசலில் நின்ற வண்டியின் பின் டயரைத் தடவிப் பார்த்தார் அப்பா. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. 48-ஐ 16-ஆல் வகுத்தால் மீதமில்லாமல் மூன்று. அதனால் ஒரே காலை முன்னால் வைத்து நிறுத்தும்போதெல்லாம், டயரின் அதே இடம்தான் தரையில் தேயும். முன்னால் 47 பல் போட்டால் அந்தத் தேய்மானம் 16 இடங்களுக்குப் பிரிந்துவிடும். கணக்கு மகனுக்குத் தெரியும். மாற்றத்தான் நேரம் வரவில்லை. செயின் லேசாகத் தளர்ந்திருந்ததும் தெரியும். அதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

அந்தக் காலை

அன்றைக்கு சாமளாபுரம் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். சின்ன இறக்கம். ஒரு பாட்டி பால் கேனோடு ரோட்டைக் கடந்தார். தூரத்திலேயே பார்த்துவிட்ட இளைஞர், வழக்கம்போலக் காலை இறுக்கினார். 'சடக்'கென்று செயின் கழன்றது.

பெடல் சும்மா சுழன்றது. சக்கரம் தன் பாட்டுக்கு ஓடியது. பிரேக்காக இருந்தது அந்தச் செயின் ஒன்றுதான். கால்களோ பெடலோடு சேர்த்து ஸ்ட்ராப்பில் கட்டப்பட்டிருந்தன. கத்திக்கொண்டே வண்டியை ஓரத்துக்குத் திருப்பியவர், சீமைக்கருவேலம் புதரில் போய் விழுந்தார். ஹேண்டில்பார் உரசிப் பாட்டியின் கேன் கவிழ்ந்தது. பால் முழுக்க ரோட்டில்.

முழங்கையில் ரத்தம் வழிய எழுந்தவரிடம் ஓடிவந்த பாட்டி திட்டவில்லை. "பாலு போனாப் போவுது சாமி. உனக்கு ஒண்ணும் ஆவலியல்லோ?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பாலுக்கு அவர் கொடுத்த பணத்தையும் பாட்டி பாதிதான் வாங்கிக்கொண்டார்.

அன்று இரவு தூக்கம் வராமல் செல்போனில் தேடியபோது, லண்டன் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. 2016-ல் முன் பிரேக் இல்லாத இதே வகை சைக்கிளில் வந்த ஓர் இளைஞர், ரோட்டைக் கடந்த பெண் மீது மோதினார். இரண்டு குழந்தைகளுக்குத் தாயான அந்தப் பெண் இறந்துபோனார். அடுத்த ஆண்டு, ஓட்டியவருக்கு 18 மாதம் சிறை. பிரிட்டனில் ஃபிக்ஸ்டு கியர் சைக்கிளை ரோட்டில் ஓட்டினால் முன் பிரேக் கட்டாயம் என்பது சட்டம். 'பால் கேனுக்குப் பதில் பாட்டியாக இருந்திருந்தால்?' என்ற கேள்வி விடியும்வரை அவரை விடவில்லை.

காலையில் ஷெட்டில் அப்பா தார் மாற்றிக்கொண்டிருந்தார். முழங்கைக் கட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"நம்ம தறியில ஊடை அறுந்தா என்ன ஆவும்?"

"தறி நின்னுருமுங்கப்பா."

"ஒத்த நூலு அறுந்தா நிக்கறதுக்கே ஒரு ஃபோர்க்கு வெச்சிருக்கறான். உன்ற வண்டில செயின் அறுந்தா எது நிக்கும் கண்ணு?"

மகனிடம் பதில் இல்லை.

பிரச்னை என்னவென்றால், அந்த டிராக் வண்டியின் முன் ஃபோர்க்கில் பிரேக் மாட்டுவதற்கான துளையே இல்லை. ஃபோர்க்கையே மாற்ற வேண்டும். கூலி உயர்வு கேட்டு 2022-ல் வாரக்கணக்கில் தறிகள் நின்ற நாட்களைப் பார்த்த வீடு அது. சைக்கிளுக்குச் செலவு என்று பேச்செடுக்கவே மகனுக்குக் கூச்சம். ஆனால், அந்த வாரக் கூலி கைக்கு வந்ததும், கேட்காமலே பணத்தை எடுத்து நீட்டினார் அப்பா. "ஓட்ட வேண்டாம்னு சொல்லல. நிக்கற மாதிரி ஓட்டு."

கோவைக்குப் போய்த் துளையுள்ள ஃபோர்க், முன் பிரேக், 47 பல் சக்கரம் எல்லாம் வாங்கி மாட்டியாயிற்று. வண்டி வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு வரும். அதனால் பின்சக்கரத்தைவிட முன் பிரேக்தான் பலமாகப் பிடிக்கும். பழைய தூரத்தில் பாதியிலேயே வண்டி நின்றதைப் பார்த்து அவரே அசந்துபோனார்.

இப்போதும் காலை ஐந்தரைக்கு அந்த சைக்கிள் கிளம்புகிறது. கால்கள் இப்போதும் ஓய்வில்லாமல் சுற்றுகின்றன. கிளம்புவதற்கு முன் செயினை விரலால் அழுத்திப் பார்க்கிறார், பிரேக்கை இரண்டு முறை பிடித்துப் பார்க்கிறார். ஷெட்டுக்குள்ளிருந்து அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த தறியை ஓட்டிவிடுகிறார்.

சாமளாபுரம் ரோட்டில் அந்தப் பாட்டி எதிர்ப்பட்டால், பத்தடி முன்பே வண்டி நின்றுவிடுகிறது. "போ சாமி, நீ மொதல்ல போ" என்கிறார் பாட்டி.

"இல்லீங்காத்தா, நீங்க போங்க" என்று காத்திருக்கிறார் இளைஞர்.